வளைவில் சொன்ன பத்து நிமிஷம்

என் வேலை கம்பு பிடிப்பது. பெரிய சரக்கை ஏற்றிய டிரெய்லர் ஊருக்குள் நுழையும்போது, சரக்கின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, சாலைக்குக் குறுக்கே தொங்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். கேபிள் டிவிக் கம்பி, இன்டர்நெட் கம்பி, கட்சிக் கொடித் தோரணம், கோயில் திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் விளக்கு, எல்லாம் என் தலைக்கு மேலேதான் போகும். கம்பு என்றால் பன்னிரண்டு அடி மூங்கில். நுனியில் கவட்டை போல ஒரு மரத்துண்டு. கரண்டுக் கம்பியை மட்டும், லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திய பிறகுதான் தொடுவோம். அதற்கு முன்னால் தொட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

தக்கலைப் பக்கம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு ஓட்டலில் தட்டு கழுவினேன். கொல்லத்தில் மீன் போட்டில் போனேன். கல்குவாரியில் இருந்தேன், சூரத்தில் சாயப்பட்டறையில் இருந்தேன். ஓரிடத்தில் ஆறு மாதம் ஆனால் எனக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். கல்யாணமும் ஒன்று நடந்தது. அவள் என்னைவிட விவரமானவள், சீக்கிரமே தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். இப்போது திருவனந்தபுரத்திலேயே வலியசாலையில், அக்கிரகாரத்து வீடுகளின் பின்பக்கம் ஓடு போட்ட ஓர் அறையில் நான்காவது வருடமாக இருக்கிறேன். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்ததும் ஊர் சுற்றுவதே எனக்கு வேலையாகிவிட்டது. அதனால் ஒரே அறையில் இருக்க முடிகிறது.

நான் சொல்ல வந்த சரக்கு, தோட்ட வேலைக்கான ஓர் இயந்திரம். கப்பலில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தவற்றின் நடுவே, கூரையும் பக்கச் சுவரும் இல்லாத ஓர் இரும்புத் தட்டில் சங்கிலி போட்டுக் கட்டி வந்தது. பச்சை நிறம். டாங்கியைப் போல இரண்டு பக்கமும் சங்கிலிச் சக்கரம். முன்னால் ஆள் உயரத்தில் ஓர் உருளை, உருளை முழுக்க இரும்புப் பல். வயதான ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு நிலத்தில் நிற்கிற அடிக்கட்டைகளை அது வேரோடு அரைத்து, அந்த மண்ணையும் உழுது போட்டுவிடுமாம். வித்துராவுக்கு மேலே மலையடிவாரத்தில் ஒரு தனியார் தோட்டத்துக்காக வாங்கியிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்கு, பைக்கில் போனால் இரண்டு மணி நேரம். எங்களுக்கு மூன்று நாள்.

டிரைவர் திருநெல்வேலிக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை ஓய் என்பார். எங்களுக்குள் அதற்கு மேல் பேர் தேவைப்பட்டதில்லை. அவருக்குப் பின்கண்ணாடி வேண்டாம் என்று சொல்வார்கள். டிரெய்லரின் கடைசிச் சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்பது அவருக்கு இடுப்பில் தெரியும்.

சரக்கு கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னால் போகிற வழி முழுவதையும் பார்த்து வைப்பது வழக்கம். சரக்கின் உயரத்துக்கு ஒரு கம்பை வெட்டி, நுனியில் சிவப்பு நாடா சுற்றிக்கொள்வோம். நாடா எங்கே இடிக்கிறதோ அங்கே சரக்கும் இடிக்கும். அண்ணாச்சி பைக் ஓட்ட, நான் பின்னால் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேரூர்க்கடை, கரகுளம், நெடுமங்காடு, வித்துரா என்று கொடி பிடித்துப் போகிறவர்களைப் போலப் போனோம். வித்துராச் சந்தையைத் தாண்டி, சாலை மேலே ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு வளைவு வந்தது. வலது பக்கம் கருங்கல் கட்டு. இடது பக்கம் சரிவு, சரிவில் ரப்பர் மரங்கள். வளைவின் நடுவே சாலை ஆமை முதுகு போல எழும்பியிருந்தது. அதற்கு நேர் மேலே நாலு கரண்டுக் கம்பிகள்.

அண்ணாச்சி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்துச் சாலையின் அகலத்தை அளந்தார். அவர் டேப்பை நம்ப மாட்டார்.

"ஓய், இந்த எடம் ஒரு மணி நேரத்தத் தின்னும்."

"கூடவே ஆகும் அண்ணாச்சி. வயிறு தட்டும். பலகை போட்டு ஏத்தணும்."

"ஒண்ணே கால்னு வையி."

ஒன்றே கால் மணி நேரம் என்பது அன்றைக்கே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சாலையை மறித்துக்கொண்டு நிற்கும்போது யார் வந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாலும் பத்து நிமிஷம் என்றுதான் சொல்வோம். பஸ் டிரைவருக்கும் பத்து நிமிஷம், கல்யாண வீட்டுக்காரருக்கும் பத்து நிமிஷம். ஒரு மணி நேரம் என்று உண்மையைச் சொன்னால் கூட்டம் கூடும். வண்டியைப் பின்னால் எடு என்பார்கள். எழுபது டன்னைப் பின்னால் எடுக்க முடியாது. பத்து நிமிஷம் என்றால் ஜனங்கள் பத்து நிமிஷம் பொறுப்பார்கள். அது முடிந்ததும் இன்னொரு பத்து. அப்படி ஆறேழு பத்துகளில் காரியம் முடிந்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே என் வாயில் வந்துவிட்டது. குவாரியில் இருமல் வந்தது போல.

முதல் இரண்டு நாளும் தொந்தரவு இல்லை. காலையில் பள்ளிக்கூட நேரத்திலும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும். அது சட்டம். அப்படிக் கரகுளத்தில் நின்றபோது, டீக்கடை வாசலில் ஒருவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்தா அண்ணாச்சி, யுத்தம் வல்லதும் தொடங்கியோ?"

"ஆமா சேட்டா, ரப்பர் மரத்தோட யுத்தம். எந்தப் பக்கம் நீங்க?" என்றார் அண்ணாச்சி.

"ஞான் மரத்தின்றெ பக்கம். எனிக்கு நூறு மூடு உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நூறு மரம் வைத்திருந்த அந்த ஆள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மெஷினின் பல் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முண்டில் துடைத்துக்கொண்டார். அந்தப் பயணத்தில் நான் நன்றாகச் சிரித்தது அந்த இடத்தில்தான்.

மூன்றாம் நாள் காலை வித்துராச் சந்தைக்குக் கீழே காத்திருந்தோம். பள்ளிக்கூட நேரம் முடிந்து கிளம்பி, பத்து மணிக்கு வளைவுக்குக் கீழே வந்தோம். லைன்மேன் பைக்கில் முன்னால் போனார். மெலிந்த மனிதர், நல்ல மாதிரி. வளைவுக்குப் பக்கத்திலிருந்த டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைக் கழற்றி, பைக்கின் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார். அப்படிச் செய்வதுதான் முறை. யாராவது தெரியாமல் திரும்பச் செருகிவிட்டால், மேலே உட்கார்ந்திருக்கிற நான் இருக்க மாட்டேன். டிரெய்லர் அப்போது வளைவுக்கு நூறடி கீழே உறுமிக்கொண்டு நின்றது. நான் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி சாலையில் நின்று, எந்தக் கம்பியை முதலில் தூக்குவது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்த்து, "அண்ணாச்சி, கொஞ்சம் வலத்த ஒடிச்சு வாங்க" என்று கத்தினேன்.

அந்தத் தமிழைக் கேட்டுத்தான் அவள் என்னிடம் வந்திருக்க வேண்டும்.

மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நைட்டி, தோளில் ஒரு தோர்த்துத் துண்டு. நாற்பது வயது இருக்கலாம். கை ஈரமாக இருந்தது. லைன்மேனைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, தமிழா?"

"ஆமாம்மா."

"கரண்ட் எப்ப வரும்ணே?"

நான் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல வந்துருமில்லே?"

"வந்துரும், வந்துரும். நீங்க ஓரமாப் போங்க, வண்டி வருது."

"சரிண்ணே." அவ்வளவுதான். அவள் திரும்பி மேலே ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். அதைப் பார்த்தேன். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய வீடு வளைவுக்கு மேலே நாலாவது வீடு. உள்ளே அவளுடைய கணவர் ஆக்சிஜன் மெஷினை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தார். மலைமேல் போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தவர். தோட்டம் நின்றுபோனதும் இருவரும் கீழே இறங்கி வந்து, இரண்டு அறை உள்ள அந்த வீட்டில் இருந்தார்கள். நுரையீரல் கெட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் அந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கரண்டில் ஓடுகிற மெஷின். கரண்ட் போனால் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சிலிண்டரும் இருந்தது. அது அன்றைக்குக் கால்வாசிக்கும் குறைவாக இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

நான் சரக்கின் மேல் ஏறினேன். டிரெய்லர் வளைவுக்குள் புகுந்தது. நாலு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மெஷினின் கூரைமேல் சாக்கு சுற்றிய பலகையில் கிடத்தினேன். அடுத்த அசைவில் அவற்றைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். அந்த அசைவு வரவில்லை. நாங்கள் சொன்னது போலவே டிரெய்லரின் வயிறு ஆமை முதுகில் தட்டியது. உருளையின் முனைக்கும் கருங்கல் கட்டுக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் இருந்தது. அண்ணாச்சி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பலகைகளை இறக்கினோம். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கி, பலகையைச் செருகி, இறக்கி, அடுத்த சக்கரம். அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் எட்டு. இதில் அவசரப்பட முடியாது. அவசரப்பட்டால் சரக்கு சரியும். கம்பிகள் எங்கள் மேல் கிடக்கும்வரை கரண்ட் கொடுக்கவும் முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு தம்பி நடந்து வந்து லைன்மேனிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டுவிட்டுப் போனான். லைன்மேன் வண்டியைக் கைகாட்டி உதட்டைப் பிதுக்கினார். நான் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்கால் இருக்கும். மேலேயிருந்து ஓர் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து எங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்றது. ஓட்டியது அந்தத் தம்பிதான்.

"சேட்டா, வண்டி மாற்று! ஆள் மரிக்கும்!"

ஆட்டோவின் பின்னால் அவள் இருந்தாள். அவள் மடியில் அவர் பாதி சாய்ந்திருந்தார். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மூக்கில் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனை அவள் கையில் சும்மா இருந்தது.

லைன்மேன்தான் முதலில் புரிந்துகொண்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வித்துரா ஆஸ்பத்திரியிலிருந்து வர அதிக நேரம் ஆகாது. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் எங்கள் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கும். ஆட்டோ மேல்பக்கம். நடுவே எங்கள் டிரெய்லரும் மெஷினும், எண்பது அடி. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் சரிவு.

"ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க," என்று அண்ணாச்சி கத்தினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவரை அதில் உட்கார வைத்து, தோர்த்தால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள் அவள். நாலு பேர் பிடித்தோம். நான் நாற்காலியின் பின்பக்கம் வலது காலைப் பிடித்தேன். சரிவில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே, சருகில் வழுக்கி வழுக்கி, டிரெய்லருக்கு இணையாகக் கீழே போனோம். அவருக்கு எடையே இல்லை. நான் தினமும் பிடிக்கிற மூங்கில் அதைவிடக் கனம் என்று தோன்றியது. பால் வடிக்கிற சிரட்டைகளை இடித்துக்கொண்டே போனோம். அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்தது என்று சொல்ல முடியாது, மேலே கிடந்தது. அவள் முன்னால் போய்க்கொண்டே, "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கதவைச் சாத்தினார்கள். என் மணிக்கட்டில் அவர் கை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் குளிர்ந்திருந்தது.

திரும்பி வந்து மீதிப் பலகைகளைப் போட்டோம். வேறு என்ன செய்வது? பதினொன்றேகாலுக்கு வண்டி ஆமை முதுகைத் தாண்டியது. நான் மேலே ஏறிக் கம்பிகளைப் பின்னால் தள்ளினேன். லைன்மேன் ஃபியூஸைத் திரும்பப் போட்டார். மேலே எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. ஒன்றே கால் மணி நேரம். அண்ணாச்சியின் கணக்கு ஒரு நிமிஷம் பிசகவில்லை.

தோட்டத்து கேட்டில் நின்றிருந்தபோது லைன்மேனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு, எங்களிடம் "போயி" என்று மட்டும் சொன்னார். ஆம்புலன்ஸிலேயே முடிந்துவிட்டதாம்.

அண்ணாச்சி ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ள மொதல்லயே ஒங்கிட்ட வந்துச்சே. நீ என்ன சொன்ன?"

"பத்து நிமிஷம்."

"எல்லாருக்கும் சொல்றதுதான ஓய்."

"ஆமா."

"நமக்கு எப்படித் தெரியும்?"

சாயங்காலம் சரக்கு இறங்கியது. இறக்குகிற இடத்தில் சாய்ந்துகிடந்த ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் தன் சங்கிலிக் காலால் நடந்து அவற்றுக்குள் போனது. காலி டிரெய்லரோடு அதே வளைவு வழியாகத் திரும்பினோம். காலி வண்டிக்கு அந்த வளைவு இரண்டு நிமிஷம்.

வலியசாலைக்கு வந்து இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் கொல்லத்துக்கு ஒரு சரக்கு இருந்தது, போனேன். பிறகு ஒன்று. எனக்கு உள்ளங்கால் அரித்தது. இந்த முறை விட்டுப் போகலாம், மங்களூர், கோவா என்று எங்காவது போகலாம் என்று துணிகளைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பையோடு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனவன், வித்துரா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வீட்டு வாசலில் அவள் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறாளாம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"கம்பு அண்ணன்தானே? வாங்கண்ணே, வாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், "அன்னு கசேர பிடிச்ச சேட்டனா" என்று சொன்னாள். அன்றைக்கு நாற்காலி பிடித்தவர். அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். எனக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போலிருந்தது.

உள்ளே உட்கார வைத்து, பால் இல்லாத டீ கொடுத்தாள். மூலையில் ஆக்சிஜன் மெஷின் ஒரு துண்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது. கொண்டுபோக இன்னும் ஆள் வரவில்லை என்றாள். பக்கத்தில் அந்தச் சின்ன சிலிண்டர். சுவரில் அவருடைய படம் வைத்திருந்தாள், தொழிற்சாலை அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. மீசை முறுக்கி, வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"தூக்கிட்டுப் போனீங்கல்ல, அத நான் மறக்க மாட்டேண்ணே. எல்லாரும் போன்ல வீடியோ எடுத்துட்டு நின்னாங்க."

"அதுக்கு முன்னால நீங்க எங்கிட்ட வந்து கேட்டீங்க," என்றேன்.

"ஆமா. கேட்டேன்."

"பத்து நிமிஷம்னு சொன்னேன்."

"ஆமா, சொன்னீங்க." அவள் தரையில் உட்கார்ந்தாள். "சிலிண்டர்ல முள்ளு கீழ கெடந்துச்சு. அரை மணிக்கூர் வரும்னு எனக்குக் கணக்கு. பத்து நிமிஷத்துக்கு அது போதுமே. ஆட்டோத் தம்பி அப்பவே வந்து கேட்டான், கொண்டு போவோமா சேச்சின்னு. அப்ப உங்க வண்டி வளைவுக்குள்ள வரல. வேண்டாம்டா, நம்ம தமிழ் ஆளு சொல்லிருக்காரு, இப்ப வந்துரும்னு அவனைத் திருப்பி அனுப்பிட்டேன். ஆட்டோல குலுங்கினா அவருக்கு இன்னும் மூச்சு வாங்கும், அதான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவரால பேச முடியாது. கையை இப்படிக் காட்டுவாரு." ஐந்து விரலையும் விரித்து மெல்லத் திருப்பிக் காட்டினாள். "எவ்ளோ நேரம்னு. பத்து நிமிஷம்னேன். கண்ண மூடிக்கிட்டாரு. கொஞ்சம் கழிச்சு மறுபடி கையக் காட்டினாரு. மறுபடியும் பத்துன்னேன். வேற என்னன்னு சொல்றது? மூணாவது தடவையும் அதேதான் சொன்னேன். ஆட்டோல வரும்போதும் சொன்னேன்."

வெளியே ஷீட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? ஒங்களுக்கு அப்பவே தெரியுமா, நேரமாகும்னு?"

மூங்கிலைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்க்காமல் பதில் சொன்ன ஞாபகம் வந்தது. இப்போது கையில் எதுவும் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

"தெரியும். ஒண்ணே கால் மணி நேரம் ஆகும்னு ஒரு வாரத்துக்கு முன்னாலயே தெரியும். எல்லாருக்கும் பத்து நிமிஷம்னு சொல்லித்தான் பழக்கம்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டுவாள் என்று நினைத்துத்தான் பஸ் ஏறியிருக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவள் மூலையிலிருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவை சொல்லும்போது எனக்கும் தெரிஞ்சிருச்சுண்ணே," என்றாள். "அப்பவே தூக்கிட்டு ஓடியிருக்கணும். ஒக்காந்து சொல்லிட்டே இருந்துட்டேன்."

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா."

அவள் எழுந்து, மெஷினை மூடியிருந்த துண்டு ஒரு பக்கம் சரிந்திருந்ததை இழுத்துச் சரி செய்தாள்.

"டீயக் குடிச்சிட்டுப் போங்க. ஆறிப்போகுது," என்றாள். குரலில் முன்பிருந்த 'அண்ணே' இல்லை.

குடித்தேன். சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை அவள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண் சிரித்து, "போகயாணோ?" என்றாள். ஆமாம் என்றேன். வளைவில் கருங்கல் கட்டின் மேல் என் இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைக் கீறல் இருந்தது. நாலு விரல் இடம் இருந்தது என்று நினைத்திருந்தோம். எங்கேயோ உரசியிருக்கிறது. மேலே நாலு கம்பிகளும் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தன. வித்துரா வரை நடந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வலியசாலைக்கே வந்தேன்.

இன்னும் இதே வேலைதான் செய்கிறேன். லைன்மேன் ஃபியூஸைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த லைனில் இருக்கிற வீடுகளுக்கு நடந்து போய், வீட்டில் மெஷின் வைத்து யாராவது படுத்திருக்கிறார்களா என்று கேட்கிறேன். பலர் என்னை ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. "ஒன்னால ஒரு நாள் நமக்கு அடி விழும் ஓய்" என்கிறார். ஆனால் நான் வீடுகளைக் கேட்டு முடித்து வரும்வரை இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

போன வாரம் மலையின்கீழில் பைக்கில் வந்த ஒருவர் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றேன்.

"ஒன்னர மணிக்கூரோ? தனிக்கு ப்ராந்துண்டோ?"

பைத்தியமா என்று கேட்டவர் அதோடு நிற்கவில்லை. அம்மா, அப்பா எல்லாரையும் இழுத்தார். கூட்டம் கூடியது. அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், ஐந்து விரலும் விரிந்திருந்தன. நான் அவர் பேசியதைக் கேட்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.